கௌசல்யா எழுதின அந்த ரெண்டு வரி

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்குப் பொறாமை ஜாஸ்தி. கறுப்புக் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டியாச்சு, முட்டிக்குத் தைலம் தடவிக்கினு வீட்டோட இருக்கறேன், இன்னமும் அது மட்டும் குறையல. உங்க வக்கீல் சங்கத்துலேர்ந்து ஒரு தம்பி வந்து, "மேடம், புதுசா என்ரோல் ஆனவங்களுக்கு அக்ரிமென்ட் எழுதறதைப் பத்தி ஏதாச்சும் பேசுங்க"ன்னு கேட்டப்போ, நான் திருப்பிக் கேட்ட மொத கேள்வி, "கௌசல்யாவைக் கேட்டீங்களா?" பாவம், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "கேட்டோம் மேடம், அவங்க ஊர்ல இல்லையாம்"னுட்டான். பாருங்க, இதுலயும் நான் ரெண்டாவதுதான்.

கௌசல்யாவை உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். மீதிப் பேருக்குச் சொல்றேன். அவளும் நானும் ஒரே வருஷம் கோட் மாட்டினவங்க. அவ பிள்ளையார்பாளையத்துல நெசவுக் குடும்பத்துப் பொண்ணு. நான் வாலாஜாபாத்துக்கு அந்தாண்ட, தென்னேரிப் பக்கம். எங்க வீட்ல எல்லாரும் அடுத்தவங்க நிலத்துல நாத்து நட்டவங்க. நான்தான் மொத படிப்பு, மொத வக்கீல். இந்த ஊர்ல ஒவ்வொரு கட்சிக்காரரையும் நானே தேடிப் புடிக்கணும். அவளுக்கு அப்படியில்ல. தெருவுல நடந்து போனாலே "நம்ம கௌசல்யா பாப்பா"ன்னு கூப்பிட்டு கேஸைக் கையில கொடுப்பாங்க. அவ எழுதின டிராஃப்ட்ல காத்துகூட நுழையாதுன்னு கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் வரைக்கும் சொல்லுவாரு. குரலே உசத்த மாட்டா. ஜட்ஜ் ஏதாச்சும் கேட்டா ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தான் பதில் வரும். அதை நான் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு செஞ்சு பார்த்திருக்கேன். படிச்சதை மறந்துட்டு முழிக்கற மாதிரி இருந்துச்சு. இதெல்லாத்தையும் விட மோசம், என்னைப் பார்க்கறப்போல்லாம் "எஸ்தர், சாப்ட்டியா?"ன்னு நிஜமான அக்கறையோட கேப்பா. வயிறு எரியும் எனக்கு.

இப்போ விஷயத்துக்கு வரேன். இந்த ஊர் நெசவாளர் குழு ஒண்ணு, முன்னாடி என் கட்சிக்காரங்க. கரண்ட் கனெக்‌ஷன், வாடகைத் தகராறு, ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷன்னு எல்லா சில்லறை வேலைக்கும் நான்தான் ஓடினேன். அப்புறம் சென்னையிலேர்ந்து ஒரு பெரிய பட்டுக் கம்பெனி வந்துச்சு. நடுவுல யாரும் இல்லாம நேரா குழுவோட ஒப்பந்தம்; பட்டும் ஜரிகையும் கம்பெனி கொடுக்கும், இவங்க அவங்கவங்க வீட்டுத் தறியில நெய்து கொடுக்கணும். பெரிய வேலை. அதை எழுத யார்கிட்ட போனாங்க? கௌசல்யாகிட்ட. என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சிக்கினு, "நீங்க நோட்டரியாச்சே மேடம், கையெழுத்துப் போடற அன்னிக்கு வந்து சீல் மட்டும் குத்திக் குடுத்துடுங்க"ன்னாங்க. கல்யாணம் வேற ஒருத்தர் பண்ணி வெக்க, பந்தியில தண்ணி ஊத்த என்னைக் கூப்பிட்டாப்புல இருந்துச்சு. போகாம இருந்திருக்கலாம். போனேன்.

காந்தி ரோட்ல அந்தக் கம்பெனியோட கொள்முதல் ஆபீஸ் மாடி. வாசல்ல வாழைமரம் கட்டியிருந்தாங்க. வந்தவங்களுக்கெல்லாம் கம்பெனி கடைப் பையில ஸ்வீட்டும் காரமும் போட்டுக் கொடுத்துக்கினு இருந்தாங்க. ராகு காலம் பொறக்கறதுக்குள்ள கையெழுத்து ஆகணும்னு குழுத் தலைவர் நிமிஷத்துக்கொரு தரம் வாட்சைப் பார்த்தாரு. நான் ஒரு மூலை நாற்காலியில உட்கார்ந்து, மடியில பையை வெச்சிக்கினு, ஒப்பந்தத்தைக் கையில எடுத்தேன்.

நோட்டரி உள்ள இருக்கறதைப் படிக்கணும்னு அவசியம் இல்ல. ஆள் சரியான ஆளா, கையெழுத்து நம்ம கண்ணு முன்னாடி விழுந்துச்சா, அவ்வளவுதான். நான் படிச்சேன். ஏன்? கௌசல்யா எழுதினது. எங்கயாச்சும் ஒரு ஓட்டை கிடைக்காதான்னு, தலையில பேன் பார்க்கற மாதிரி வரி வரியா பிரிச்சுப் பார்த்தேன்.

இங்க ஒண்ணு கவனிங்க. ஒப்பந்தம்னா எல்லாரும் ஓடிப் போய்ப் பார்க்கறது, எவ்ளோ தருவாங்க, எப்போ தருவாங்க, விட்டுப் போனா என்னா பண்ணுவாங்க. முன்னாடி பொருள் விளக்கம்னு ஒரு பக்கம் இருக்குமே, அதைப் பொங்கல்ல மிளகு மாதிரி ஓரமா ஒதுக்கிடுவாங்க. ஆனா வீட்ல உட்கார்ந்து நெய்யறவங்களுக்கு இந்த பி.எஃப்., இ.எஸ்.ஐ., மகப்பேறு சட்டமெல்லாம் வந்து சேருமா சேராதாங்கறதே வருஷக்கணக்கா வாதாடக்கூடிய சமாச்சாரம். கம்பெனி எழுத்துல வாக்குக் கொடுத்தாத்தான் நிச்சயம். அந்த ஒப்பந்தத்துல வாக்கு இருந்துச்சு: சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள்படி கிடைக்க வேண்டியது அத்தனையும் கம்பெனி செய்து தரும்னு. அப்போ 'சமூகப் பாதுகாப்புச் சட்டம்'ங்கற வார்த்தைக்கு முன்பக்கத்துல என்னா அர்த்தம் சொல்லியிருக்கோ, அந்த மனுஷங்களுக்கு அதான் சட்டம். பார்லிமென்ட்ல என்னா எழுதினாங்கங்கறது அப்புறம்.

கௌசல்யா எழுதியிருந்தது இது:

'சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்பது வருங்கால வைப்பு நிதி, ஊழியர் காப்பீடு, மகப்பேறு நலன், பணிக்கொடை, விபத்து இழப்பீடு ஆகியவை தொடர்பான சட்டங்களை, எவர் பெயரில் நெசவுக் கூலி பதியப்படுகிறதோ அவருக்குப் பொருந்தும் அளவில், குறிக்கும்.'

மொத தடவை படிச்சப்போ எனக்கும் ஒண்ணும் தெரியல. ரெண்டாவது தடவை மகப்பேறுங்கற இடத்துல நின்னேன். நிமிர்ந்து பார்த்தேன். கையெழுத்துப் போட வரிசையா உட்கார்ந்திருந்தவங்க அத்தனை பேரும் மீசை வெச்சவங்க.

இந்த ஊர் வழக்கம் அப்படி. ஒரு தறிக்கு ஒரு பேர், அது ஆம்பளை பேர். கூலி அந்தப் பேர்லதான் ஏறும். ஆனா கோர்வைப் புடவை ஒருத்தரால நெய்ய முடியாது. உடல் ஒரு கலரு, கரை இன்னொரு கலரு, ரெண்டையும் இழைக்கு இழை பிணைக்கணும். நெய்யறவர் நடுவுல உட்கார்ந்தா, பக்கத்துல இன்னொருத்தர் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதான் ஊடு நூல் ஓட்டற கட்டை, அதைத் தள்ளணும். அந்த இன்னொருத்தர் பொண்டாட்டி, இல்லாட்டி அம்மா, இல்லாட்டி தங்கச்சி. அவங்களுக்குத் தனியா கூலியும் இல்ல, பேரும் இல்ல. "கூட உட்கார்றா"ம்பாங்க, முடிஞ்சு போச்சு.

அப்போ இந்த ஒப்பந்தத்துல மகப்பேறு யாருக்கு? அந்த மீசைக்காரங்களுக்கா? எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு. காத்து நுழையாதாம்! மாட்டுவண்டியே நுழையும்! சந்தோஷம்னா அப்படியொரு சந்தோஷம். அந்த ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிச்சு அங்கயே ஒரு மைசூர்பாக்கை வாயில போட்டுக்கினேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். நான் வாயைத் திறக்காம சீல் குத்திட்டுப் போனா என்னா ஆகும்? கொஞ்ச நாள்ல யாராச்சும் ஒரு பொண்ணு பேறுகாலத்துக்குக் கேப்பா. கம்பெனி இந்த வரியைக் காட்டும். ஊரே கௌசல்யாவைப் பார்க்கும். நான் ஒண்ணும் பண்ண வேணாம், சும்மா இருந்தா போதும். சட்டப்படி என் மேல ஒரு குத்தமும் வராது.

அந்த நேரம் பார்த்து ஒரு பொண்ணு டம்ளர்ல மோர் கொண்டாந்து கொடுத்தா. பேரு அம்சா. குழுவுல தாமோதரன்னு ஒருத்தர், அவரோட சம்சாரம். வயிறு நல்லா தெரிஞ்சுது. கொடுத்துட்டுப் போகாம நின்னா.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"இந்தக் கையெழுத்து ஆயிட்டா நான் தறியாண்டேர்ந்து எழுந்துக்கலாம் இல்ல?"

நான் அவ மூஞ்சையே பார்த்தேன். அவளே சொன்னா: "போன தடவை கடைசி வரைக்கும் உட்கார்ந்துக்கினுதான் இருந்தேன் மேடம். ஏழாம் மாசம் பூடுச்சு. பொண்ணு. இந்த தடவை தறி பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டரம்மா கண்டிஷனா சொல்லிட்டாங்க. நான் எழுந்தா தறி நின்னுடும். அவரு ஒண்டியா என்னா பண்ணுவாரு? கம்பெனி பேறுகாலத்துக்குக் குடுக்கும், அதை வெச்சி வேற ஆள் உட்கார வெச்சிக்கலாம்னு கௌசல்யா மேடம் சொன்னாங்க. அந்த தைரியத்துலதான் இருக்கறேன்."

ஆமாம்மான்னு ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வாயில மைசூர்பாக்கு வேற. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல.

எழுந்து நின்னுட்டேன். "ஒரு நிமிஷம்! இதுல ஒரு சிக்கல் இருக்குது"ன்னு சத்தமாவே சொன்னேன். அம்சாவுக்காக எழுந்தேனா, கௌசல்யா மூஞ்சி எப்டிப் போகுதுன்னு பார்க்க எழுந்தேனான்னு கேட்டீங்கன்னா, ரெண்டுத்துக்கும்தான். எது எத்தனை பங்குன்னு பிரிச்சுக் காட்டச் சொல்லாதீங்க.

வரியைப் படிச்சுக் காட்டினேன். "மகப்பேறு சட்டம் இதுல இருக்குது. ஆனா கூலி ஏர்ற பேரு எல்லாம் ஆம்பளை பேரு. இவங்கள்ல யாரு புள்ளை பெத்துக்கப் போறாங்க?"ன்னு கேட்டேன். ரெண்டு பேர் சிரிச்சாங்க. தாமோதரன் சிரிக்கல.

"ஏம்மா, நல்ல காரியம் நடக்கற எடத்துல குறுக்க பேசறீங்க? அவ என் பொண்டாட்டி. கூட உட்கார்றா. இதுல என்னா இருக்குது?"

"அதான் தாமோதரன், கூட உட்கார்றவங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்ல."

கம்பெனி மேனேஜர் மரியாதையான மனுஷன்தான், ஆனா அவருக்கும் மேல ஆள் இருக்குது இல்ல? "மேடம், தறிக்கு ஒரு ஆள்னுதான் மேலிடத்துல ஒத்துக்கினாங்க. இப்போ மாத்தணும்னா பேப்பர் திரும்ப சென்னைக்குப் போகணும். போனா எப்போ வரும், வருமா வராதான்னே என்னால சொல்ல முடியாது"ன்னாரு. உடனே மாடி முழுக்க சலசலப்பு. குழுத் தலைவர் வாட்சைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை, எத்தனை வருஷம் அவருக்காக ஓடினேனோ அத்தனையும் அதுல எரிஞ்சு போச்சு. அம்சா மோர்த் தட்டைப் புடிச்சிக்கினு அப்படியே நின்னா. யாரைப் பார்க்கறதுன்னு அவளுக்குத் தெரியல.

எல்லாரும் கௌசல்யா பக்கம் திரும்பினாங்க. நானும்தான். இத்தனை வருஷம் காத்துக்கினு இருந்த நேரம். அவ அந்தத் தாளை வாங்கினா, படிச்சா, வழக்கம் போல ஒரு நொடி நிறுத்தினா. அந்த ஒரு நொடி கொஞ்சம் நீண்டு போச்சு.

"எஸ்தர் சொல்றது சரி. தப்பு என்னோடது"ன்னா.

அப்புறம் அந்த மீசைக்காரங்களைப் பார்த்துச் சொன்னா: "எங்கம்மா கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கண்ணு மங்கற வரைக்கும் எங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ளினாங்க. நான் அவங்க மடியில படுத்துத் தூங்கினவ. அப்பா நெசவாளி, அம்மா வீட்ல சும்மா இருக்காங்கன்னு ஸ்கூல்ல எழுதிக் குடுத்தேன். இன்னிக்கு இதுலயும் அதையேதான் எழுதியிருக்கேன்."

தாமோதரன் தலையைக் குனிஞ்சிக்கினாரு. வயசான நெசவாளி ஒருத்தர், "உங்கம்மா கைக்கு ஈடே கிடையாது பாப்பா"ன்னு மெல்ல சொன்னாரு. எனக்கு எப்டி இருக்கும் சொல்லுங்க? ஓட்டையைக் கண்டுபுடிச்சவ நான். வாங்கிக் கட்டிக்கினதும் நான். தப்பு பண்ணவ அவ, கண்ணுல தண்ணி வெச்சிக்கினு ஊரே அவளைப் பார்க்குது! ஓட்டை ஏன் அவ கண்ணுல படலன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. நான் தறி இல்லாத வீட்லேர்ந்து வந்தவ. எந்தத் தறியைப் பார்த்தாலும் எனக்கு மொதல்ல ரெண்டு பேர்தான் தெரிவாங்க.

மேனேஜர் இன்னும் மசியல. எனக்கு வாயில ரெண்டு மூணு தீர்ப்பு ரெடியா இருந்துச்சு, ஆரம்பிக்கப் போனேன். கௌசல்யா முந்திக்கினா.

"சார், உங்க கையில இருக்கற பையில என்ன அச்சடிச்சிருக்குது?"

மேனேஜர் பையைத் திருப்பிப் பார்த்தாரு. எல்லாரும் அவங்கவங்க பையைத் திருப்பினாங்க. இரு கலைஞர்கள் இணைந்து கையால் நெய்த அசல் கோர்வைப் பட்டுன்னு பளபளன்னு போட்டிருந்துச்சு.

"விக்கறப்போ ரெண்டு பேர். பேறுகாலத்துக்கு மட்டும் ஒருத்தரா சார்?"

அந்தப் பை என் மடியிலயும்தான் அவ்ளோ நேரம் இருந்துச்சு. மைசூர்பாக்கு எடுக்கத் தெரிஞ்சுது, படிக்கத் தெரியல.

மேனேஜர் போனை எடுத்துக்கினு வராண்டாவுக்குப் போனாரு. அவர் பேசற சத்தம் கேட்டுச்சு, என்ன பேசறாருன்னு கேக்கல. அம்சா சுவத்துல சாய்ஞ்சிக்கினா. ஒருத்தர் நாற்காலி கொண்டாந்து போட்டார், தாமோதரன்தான். மேனேஜர் திரும்பி வந்து, "சரி, எழுதுங்க. ஆனா சுருக்கமா இருக்கணும், இன்னிக்கே முடியணும்"னாரு.

நான் விடுவேனா? "'அவருக்கும் அவர் மனைவிக்கும்'னு சேர்த்தா முடிஞ்சுது"ன்னேன். கௌசல்யா பேனா மூடியைக் கடிச்சிக்கினே, "அம்மா உட்கார்ந்தா? தங்கச்சி உட்கார்ந்தா?"ன்னு கேட்டா. "இன்னொண்ணு எஸ்தர், இப்படிச் சட்டத்தைப் பேர் பேரா அடுக்கினதும் தப்பு. நாளைக்கு பேரை மாத்துவாங்க, நாலைச் சேர்த்து ஒண்ணாக்குவாங்க, ஸ்டேட் கவர்மென்ட் புதுசா ஒண்ணு கொண்டாரும். பேரைப் புடிச்சிக்கினு தொங்கக் கூடாது. அது யாருக்கு என்னா செய்யுதோ அதை எழுதணும்"னுட்டு, பழைய வரியை அடிச்சிட்டு, ஓரத்துல எழுதினா:

'சமூகப் பாதுகாப்புச் சட்டம் என்பது, உழைப்பவருக்கு நோயிலும் பேறுகாலத்திலும் விபத்திலும் முதுமையிலும், அவருக்குப் பின் அவர் குடும்பத்துக்கும், துணை நிற்கும் எந்தச் சட்டத்தையும், அதை எந்த அரசு இயற்றினாலும், அதன் பெயர் எதுவானாலும், இன்று இருப்பதையும் இனி வருவதையும் குறிக்கும். தறியின் எந்தப் பக்கம் உட்கார்ந்து உழைத்தாலும், கூலி எவர் பெயரில் பதியப்பட்டாலும், அவர் உழைப்பவரே.'

ரெண்டே ரெண்டு வரி. எல்லாரும் அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்துல கையெழுத்துப் போட்டாங்க, நான் சீல் குத்தினேன். கடைசிக் கையெழுத்து விழறப்போ ராகு காலம் நல்லாவே பொறந்துடுச்சு. வாட்ச் கட்டினவங்க யாரும் அதைப் பத்தி வாயைத் திறக்கல.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பழைய சமூகப் பாதுகாப்புச் சட்டங்களையெல்லாம் சுருட்டி ஒரே தொகுப்பாக்கினாங்க. ஊர்ல சட்டத்தைப் பேர் பேரா அடுக்கி எழுதின ஒப்பந்தத்துக்கெல்லாம், "பேர் போட்ட சட்டமே போச்சே, இனிமே நாங்க ஏன் குடுக்கணும்"னு முதலாளிங்க முரண்டு புடிச்சாங்க. பழைய பேரு இருந்தாலும் புதுசைத்தான் குறிக்கும்னு சொல்ல சட்டத்துல வழி இருக்குது. ஆனா அதைச் சொல்லி, நோட்டீஸ் விட்டு, ஒத்துக்க வெக்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிப் போச்சு. அதுல முக்காவாசி ஒப்பந்தம் நான் எழுதினது. கௌசல்யாவோடதைத் தொடக்கூட வேண்டி வரல. உங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் அந்த வரியை 'கௌசல்யா ஷரத்து'ன்னு பேர் போட்டு வெச்சிருக்கீங்களாமே? வெச்சிக்கோங்க. எதிராளி டிராஃப்ட் கைக்கு வந்தா, நீங்க யாரைப் பார்த்து ரொம்பப் பொறாமைப்படறீங்களோ அவங்க எழுதினதுன்னு நினைச்சிக்கினு முன்பக்கத்தைப் படிங்க. அன்பா படிச்சா ஓட்டை தெரியாது. இது மட்டும் நான் குடுக்கறது, இதுக்கு என் பேர் போடுங்க.

அம்சாவுக்குப் பையன் பொறந்தான். பார்க்கப் போனேன். தறி ஓடிக்கினு இருந்துச்சு. தாமோதரனோட தங்கச்சி பக்கத்துல உட்கார்ந்து நாடா தள்ளிக்கினு இருந்தா, அவ பேர்லயே கூலியோட. அம்சா உள்ள கட்டில்ல காலை நீட்டிக்கினு, பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கினு உட்கார்ந்திருந்தா.

"தறி சத்தம் கேக்குது, நான் இங்க சும்மா உட்கார்ந்திருக்கேன் மேடம். நம்பவே முடியல. புள்ளைய பார்த்துக்கினே இருக்கறேன், வேற வேலையே இல்ல. கௌசல்யா மேடம் நல்லா இருக்கணும்."

வயிறு எரிஞ்சுது. ஆனா சத்தியமா சொல்றேன், கௌசல்யாவை நினைச்சு இல்ல. அந்தக் கட்டில்ல உட்கார்ந்திருந்த அம்சாவைப் பார்த்து எரிஞ்சுது.

என் பொண்ணு பொறந்தப்போ தையல் பிரிக்கறதுக்கு முன்னாடியே நான் கோர்ட்ல நின்னேன். வாய்தா கேட்டேன், கொடுக்கல. எதிர்த் தரப்பு வக்கீல் பேசப் பேச, பால் கட்டி, கசிஞ்சு, ஜாக்கெட் நனைஞ்சு போச்சு. கோட் கறுப்பா இருக்குதே, யாருக்கும் தெரியாதுன்னு கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கினே வாதாடினேன். வீட்டுக்குப் போனா குழந்தை அழுது அழுது தூங்கிப் போயிருந்துச்சு. நாம வக்கீலுங்க, யாருக்கும் தொழிலாளி இல்ல. எந்தச் சட்டமும் நம்மைத் தேடி வராது. ஊருக்கெல்லாம் பேறுகாலத்துக்கு வரி எழுதிக் கொடுக்கற எனக்கு அப்படி ஒரு வரி எழுதித் தர யாரும் இல்ல. கேக்கலாம்னுகூட எனக்குத் தோணல.

முன்வரிசையில உட்கார்ந்திருக்கற பொண்ணுங்களைக் கேக்கறேன். உங்கள்ல எத்தனை பேர் சீனியர் ஆபீஸ்ல ராப்பகலா டிராஃப்ட் அடிக்கறீங்க? அதுல எத்தனை பேர் கையில, உடம்புக்கு முடியலன்னா, பிள்ளை பொறந்தா இன்னது உண்டுன்னு ஒரு வரி எழுத்துல இருக்குது? யாரும் கையைத் தூக்க மாட்டேங்கறீங்களே. பக்கத்துல உட்கார்ந்து தள்ளிக்கினு இருக்கீங்க, பெயர்ப்பலகையில சீனியர் பேரு மட்டும்தான் இருக்குது. திங்கக்கிழமை போய்க் கேளுங்க. அந்த ரெண்டு வரியில தறிங்கற இடத்துல ஆபீஸ்னு போட்டு எடுத்துக்கினு போங்க. மொத ஆளா கௌசல்யாகிட்டயே போங்க. அவகிட்டயும் ஜூனியர்ஸ் இருக்காங்க, அவங்களுக்கு அவ என்னா எழுதிக் கொடுத்திருக்கான்னு எனக்கும் தெரியணும். கொடுக்கலன்னா ஒரு ரகசிய சந்தோஷம். கொடுத்துட்டான்னா, போகட்டும், எனக்குப் பழக்கம்தான்.

ஆனா உங்க யாருக்காச்சும் பிள்ளை பொறந்து, கோர்ட் பக்கமே வராம, மாசக்கணக்கா காலை நீட்டிக்கினு கட்டில்ல உட்கார்ந்திருக்கீங்கன்னு கேள்விப்பட்டா, பழத்தை வாங்கிக்கினு பார்க்க வருவேன். சிரிச்சுப் பேசுவேன். உள்ள எனக்கு வயிறு பத்திக்கினு எரியணும். அந்த மாதிரி ஒரு நாள் வர வையுங்கம்மா.